இரங்கல் ‘இறங்கல்’ ஆன கதை

தெருமுனையில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை. நடுவில் இறந்தவரின் படம், இரு பக்கமும் எரியும் குத்துவிளக்குகள், அடியில் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தூரத்திலிருந்தே படிக்கும் அளவில், ‘ஆழ்ந்த இறங்கல்’. இரங்குவது என்றால் மனம் கசிந்து வருந்துவது. இறங்குவது என்றால் மேலிருந்து கீழே வருவது. மாடியிலிருந்தும் பேருந்திலிருந்தும் செய்வது. அந்த வீட்டாரின் துயரத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஓர் எழுத்து மாறியதால், வழியில் போகிறவர் அவர்களுடைய துயரத்துக்கு முன்பே பிழையைப் படித்துவிடுகிறார்.

பிழையைக் கண்டதும் வரும் எரிச்சல் தமிழருக்குப் புதிதல்ல. ‘சுவற்றில் எழுதாதே’ என்ற எச்சரிக்கையைப் பார்த்தால், சுவரில் இருக்கும் கிறுக்கலைவிட அந்தச் சொல்லே சிலருடைய கண்ணை உறுத்தும். திரையில் ‘இயக்குனர்’ என்று பெயர் ஓடும்போது பல்லைக் கடிப்பவர்கள் உண்டு. பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் வாழ்த்தோடு சேர்ந்து ‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்ற வழக்கும் ஆண்டு தவறாமல் வந்துவிடுகிறது. இந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது. அது போய்ச் சேரும் இடம்தான் பெரும்பாலும் சரியாக இல்லை. பொருளையே புரட்டிப் போடும் பிழைகள் தெருவெங்கும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. இரு தரப்புக்கும் இலக்கணம் பேச இடமிருக்கும் வடிவங்களுக்காகச் சண்டை நீள்கிறது. எந்தப் பிழை எங்கே பிறக்கிறது என்று தேடிப் பார்த்தவர்கள் இவ்வளவு கோபப்பட மாட்டார்கள். கோபப்பட வேண்டிய இடத்தையும் விட மாட்டார்கள்.

இரங்கலிலிருந்தே தொடங்கலாம். இன்றைய தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் ஒலி வேறுபாடு இல்லை. கரை, கறை என்ற இரண்டு சொற்களையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், எது ஆற்றின் ஓரம், எது சட்டையில் படிந்த அழுக்கு என்று சொல்ல முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சில் இந்த வேறுபாடு இன்னும் காதில் விழுகிறது. எல்லை தாண்டி மலையாளத்துக்குப் போனால் இதே இணை ‘கர’, ‘கற’ என்று தெளிவாகப் பிரிந்து நிற்கிறது. அங்கே ஒரு குழந்தை அதைக் காதாலேயே கற்றுக்கொள்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘காற்று’, ‘பற்றி’ போன்ற சொற்களில் இரட்டித்து வரும் றகரத்துக்குத் தனி ஒலி உண்டு. தொல்காப்பியத்தின் பிறப்பியலும் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது: றகரமும் னகரமும் ஒரு முயற்சியில் பிறப்பவை, ரகரமும் ழகரமும் வேறொரு முயற்சியில் பிறப்பவை. அந்த நுட்பம் மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும் வாயிலிருந்து போய்விட்டது. எழுத்தில் மட்டும் தங்கியிருக்கிறது.

இதனால் மதுரைச் சிறுவனுக்கு ‘அறம்’ என்ற சொல்லில் எந்த எழுத்து என்பதைக் காது சொல்லித் தராது. கண்தான் சொல்ல வேண்டும். பல முறை படித்து, சொல்லின் உருவம் மனத்தில் பதிந்தால்தான் அவன் அறத்தையும் அரத்தையும் பிரித்து எழுதுவான். வாசிப்புக் குறைந்தால் இறப்பு ‘இரப்பு’ ஆகிறது, பறவை ‘பரவை’ ஆகிறது. இரப்பது பிச்சை கேட்பது. பரவை என்றால் கடல். ‘நினைவுகூர்ந்தார்கள்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘நினைவு கூறினார்கள்’ என்று வருவதும் இப்படித்தான். கூர்தல் என்றால் மிகுதல். அந்தச் சொல் தனியாக வழக்கில் இல்லாததால், எல்லோருக்கும் தெரிந்த ‘கூறுதல்’ அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ழகரத்தின் கதை ஊருக்கு ஊர் வேறு. தென் மாவட்டங்களில் அது ளகரமாகிறது, யாழ்ப்பாணத்திலும் அப்படியே. சென்னையின் பழைய பேச்சில் யகரத்தின் பக்கம் சாய்கிறது. எழுத்துப் பிழையை வைத்து எழுதியவரின் ஊரையே ஓரளவு ஊகித்துவிடலாம். 1999 நவம்பரில் முதல் உழவர் சந்தை மதுரையில் திறக்கப்பட்டது. அதே மதுரையில் பலருடைய பேச்சில் அதன் பெயர் ‘உளவர் சந்தை’. பேசியபடியே எழுதினால் உழுகிறவர் உளவு பார்க்கிறவராகிவிடுவார்.

இவற்றையெல்லாம்விடச் சிக்கலானவை மூன்று மெல்லின எழுத்துகள்: ண, ந, ன. இதைப் புரிந்துகொள்ளத் தேநீர்க் கடைப் பலகையைவிட நல்ல பாடநூல் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் எத்தனையோ பலகைகளில் ‘தேனீர்’ என்று இருக்கும். உள்ளே சுட வைத்திருப்பது ‘வென்னீர்’. பக்கத்துப் பானையில் தண்ணீர். அதை மட்டும் யாரும் தவறாக எழுதுவதில்லை. மூன்றும் நீர்தான். மூன்றிலும் நீரின் ‘ந்’ வெவ்வேறு கோலத்தில் நிற்கிறது. ‘தே’ என்ற சொல்லோடு நீர் சேர்ந்தால் இடையில் எதுவும் மாறாது, தேநீர். வெம்மையான நீர், மகர மெய் நகரமாகத் திரிந்து, வெந்நீர். ‘தண்’ என்பதன் ணகரமோ வலுவானது; தன்னை அடுத்து வரும் நகரத்தையும் தன் இனமாக மாற்றிக்கொண்டு தண்ணீர் ஆகிறது. நான்காவதாக நன்னீரும் இருக்கிறது. ‘நல்’லின் லகரமும் நீரின் நகரமும் இரண்டுமே னகரமாகிவிடுகின்றன. பலகையில் இருக்கும் ‘தேனீர்’ என்ற சொல்லும் தமிழில் உண்டு. அது தேனும் நீரும் சேர்ந்தது. தேன் கலந்த நீர்.

பள்ளியில் இந்த மூன்று எழுத்துகளுக்கும் ‘மூணு சுழி ண’, ‘ரெண்டு சுழி ன’ என்று பெயர் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்தப் பெயர்கள் உருவத்தைச் சொல்கின்றன. எங்கே வரும் என்பதைச் சொல்வதில்லை. பழைய தமிழாசிரியர்கள் வைத்திருந்த பெயர்கள் வேறு: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். இந்தப் பெயரிலேயே விதி அடங்கியிருக்கிறது. டகரத்துக்கு முன்னால் வரும் மெல்லினம் ண்: வண்டி, கண்டம், நண்டு. தகரத்துக்கு முன்னால் ந்: பந்து, சந்தை, விருந்து. றகரத்துக்கு முன்னால் ன்: கன்று, தென்றல், ஒன்று. நெடுங்கணக்கிலும் ட-ண, த-ந, ற-ன என்று இணை இணையாகவே இவை அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பெயரை மாற்றிச் சொல்லிக் கொடுத்தாலே ‘மண்றம்’, ‘கன்டேன்’ போன்ற பிழைகள் குழந்தைக்கு வராது. இவ்வளவு எளிய கருவியைக் கைவிட்டுவிட்டுச் சுழியை எண்ணச் சொல்வது வருத்தத்துக்குரியது.

தந்நகரத்தில் இன்னொரு பயனும் இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் ணகரத்திலோ னகரத்திலோ தொடங்குவதில்லை, நகரத்தில்தான் தொடங்கும். எனவே ஒரு சொல்லின் நடுவில், தகரத்தின் துணை இல்லாமல் ‘ந’ தென்பட்டால், பெரும்பாலும் அங்கே ஒரு மூட்டு இருக்கிறது என்று பொருள். இரண்டு உறுப்புகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. செந்நெல், அந்நாள், எந்நேரம், முந்நூறு என எல்லாவற்றையும் அந்த இடத்தில் பிரித்துப் பார்க்கலாம். காசோலையில் ‘முன்னூறு’ என்று எழுதினால் அது முன் இருந்த நூறு. மூன்று நூறு ஆகாது. திரையில் ஓடும் ‘இயக்குனர்’ ஏன் தவறு என்பதும் இங்கேதான் விளங்கும். பெறுநர், அனுப்புநர், ஓட்டுநர், வல்லுநர் ஆகியவற்றில் வரும் ‘நர்’ ஒரு விகுதி. ‘இயக்கு’ என்ற வினையோடு அது சேர்ந்து இயக்குநர். உறுப்பினர் வேறு வகை. உறுப்பு, இன், அர் என்று மூன்று துண்டு. ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதுவதால்தான் குழப்பம்.

ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதுவது என்பது சோம்பல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மொழியறிவு வேலை செய்யும் விதம். ‘சுவற்றில்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். வயிறு, கயிறு, கிணறு என்று ‘று’வில் முடியும் சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது இரட்டித்து வயிற்றில், கயிற்றில், கிணற்றில் ஆகும். சுவர் ‘ர்’ என்ற மெய்யில் முடிகிறது; இரட்டிக்க அங்கே எதுவும் இல்லை; ஆகவே சுவரில். பிறகு இந்தப் பிழை எப்படி வந்தது? பேச்சைக் கேட்டால் விடை கிடைக்கும். ‘வயித்துல வலி’, ‘கெணத்துல தண்ணி’, ‘செவுத்துல ஆணி’. மூன்றும் பேச்சில் ஒரே அச்சில் வார்த்தவை. எழுதத் தெரிந்தவர் ‘வயித்துல’ என்பதை வயிற்றில் என்று திருத்துகிறார், ‘கெணத்துல’ என்பதைக் கிணற்றில் என்று திருத்துகிறார். அதே கையோடு ‘செவுத்துல’ என்பதையும் திருத்துகிறார். சுவற்றில் என்று எழுதியவர் விதியை மறந்தவர் அல்லர். ஒரு விதியை அது செல்லாத வீட்டுக்கும் அழைத்துப் போனவர். அவரைத் திட்டுவதைவிட, ‘சுவர் என்ற சொல் எந்த எழுத்தில் முடிகிறது?’ என்று கேட்பது அவருக்கு வாழ்நாள் முழுக்கப் பயன்படும்.

‘கோர்த்தான்’ என்பதும் இப்படியே. சேர்த்தான், பார்த்தான் என்ற சொற்களின் பின்னால் போனது. பூவைக் கோப்பதால் கோத்தான், அதனால்தான் கோவை. பதறுவதால் பதற்றம், ஏறுவதால் ஏற்றம், மாறுவதால் மாற்றம் என்று வரிசையில் நிறுத்தினால் ‘பதட்டம்’ தானே வெளியே நிற்கும். ‘முயற்சித்தான்’ என்ற சொல்லில் வேறொரு கோளாறு. முயல் என்ற வினையிலிருந்து முயற்சி என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரிலிருந்து மறுபடியும் ஒரு வினையைச் செய்கிறார்கள். பயிற்சியிலிருந்து யாரும் ‘பயிற்சித்தான்’ என்று சொல்வதில்லை. மகிழ்ச்சியிலிருந்து ‘மகிழ்ச்சித்தான்’ என்பதும் இல்லை. பயின்றான், மகிழ்ந்தான் போல முயன்றான் இருக்கும்போது அதுவே போதும்.

‘அருகாமை’ என்ற சொல்லுக்குப் பத்திரிகைகளில் நல்ல செல்வாக்கு. கல்லாமை, அறியாமை, இல்லாமை என்று ‘ஆமை’யில் முடிவன எதிர்மறைப் பொருள் தருபவை. அருகுதல் என்றால் குறைதல். அப்படியானால் அருகாமை என்பது குறையாதிருத்தல். பள்ளிக்கு அருகாமையில் என்று எழுதுகிறவருக்கு இது நினைவில் இருப்பதில்லை. ‘அருகில்’ என்பது சிறிய சொல்லாக இருப்பதால் கனமான ஒன்றைத் தேடிப் போகிறார். தமிழ் உரைநடையில் பாதிப் பிழை இந்தக் கனத்தின் ஆசையால் வருகிறது.

சந்திப் பிழை என்னும் ஒற்றுப் பிழை தனி உலகம். தமிழ்த் தேர்வுகளில் மதிப்பெண் குறைவதும் இதில்தான், எழுதுகிறவர்கள் மனம் நொந்துபோவதும் இதில்தான். ‘இலக்கணப் புலவர்கள் கண்டுபிடித்த தொல்லை’ என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. ‘எனக்குத் தா’, ‘அந்தப் பையன்’, ‘பாலைக் குடி’ என்று பேசும்போது அந்த ஒற்று யாருடைய வாயிலும் கேட்கும். எழுத்தறியாதவர் வாயிலும் கேட்கும். எழுதும்போது அது நழுவுவதற்குக் காரணம் சொற்களுக்கு நடுவே விடும் வெற்றிடம். ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கம் இல்லை. எழுத்துகள் தொடர்ந்து ஓடின. ஒலியும் தொடர்ந்து ஓடியது. அச்சு வந்த பிறகு சொற்கள் தனித்தனியாக நிற்கத் தொடங்கின. இரண்டு சொற்களின் நடுவே பிறக்கும் ஒலி, முதல் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ‘அந்தப்’ என்பதைத் தனியாகப் பார்த்தால் அந்தப் பகர மெய்க்கு அங்கே என்ன வேலை என்றே தோன்றும். உரக்கப் படித்துப் பார்க்கிறவருக்கு மட்டும் அது புரியும்.

அந்த ஒற்றை விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் எடுத்துக்காட்டுகள் இன்றும் வலுவானவை. ‘கத்தி கொண்டு வந்தான்’ என்றால் கையில் ஆயுதம்; ‘கத்திக்கொண்டு வந்தான்’ என்றால் வாயில் கூச்சல். தந்த பலகை யாரோ கொடுத்தது; தந்தப் பலகை யானையின் தந்தத்தால் ஆனது. வேலை தேடுகிறவன் பிழைப்பைத் தேடுகிறான். வேலைத் தேடுகிறவன் முருகனின் ஆயுதத்தைத் தேடுகிறான். ஆனால் எல்லா ஒற்றும் இவ்வளவு கனமானவை அல்ல. ‘அங்கு போனான்’ என்று ஒருவர் எழுதினால் பொருளுக்குச் சேதமில்லை. நாளிதழ் வேகத்தில் இப்படிச் சில விடுபடும். பொருள் மாறும் இடத்தையும் மாறாத இடத்தையும் ஒரே சிவப்பு மையால் சுழிப்பதுதான் மாணவர்களை மிரட்டுகிறது.

இனி அந்த ஆண்டு வழக்கு. வாழ்த்துக்கள் என்று எழுதுகிறவர்களிடமும் ஒரு நியாயம் உண்டு. வல்லின மெய்யைத் தொடர்ந்து உகரத்தில் முடியும் சொற்கள் அடுத்து வல்லினம் வந்தால் இரட்டிக்கும்: பட்டுத்துணி, எட்டுத்தொகை, பாட்டுக்கச்சேரி. அதே முறையில் வாழ்த்துக்கள் என்பது அவர்கள் பக்கம். மறுபக்கம் சொல்வது: அவையெல்லாம் இரண்டு தனிச் சொற்கள் சேர்ந்தவை, ‘கள்’ தனிச் சொல் இல்லை, பன்மை விகுதி, அதற்கு அந்த விதி செல்லாது. இரண்டாவது வாதத்துக்கே வலு அதிகம். தட்டுகள், செருப்புகள், மூக்குகள் என்று எல்லோரும் இரட்டிக்காமல்தான் எழுதுகிறார்கள். ‘செருப்புக்கள்’ என்று யாரும் எழுதுவதில்லை. எழுத்து, கருத்து, வாழ்த்து என்று ‘த்து’வில் முடியும் சில சொற்களிடம் மட்டும் இந்தச் சலுகை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘வாழ்த்துக்கள்’ என்றால் குடிக்கும் கள் என்றாகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவது வீண். பொங்கல் அட்டையைப் பார்த்து யாரும் கள்ளை நினைக்கப் போவதில்லை.

நாட்கள், நாள்கள் என்ற வழக்கிலும் சொற்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பதே நல்ல வழி. முள் முட்கள் ஆகிறது, கல் கற்கள் ஆகிறது, சொல் சொற்கள் ஆகிறது; எல்லாம் ஒற்றைக் குறிலைத் தொடர்ந்து மெய் வரும் சொற்கள். நெட்டெழுத்துச் சொற்களோ கால்கள், தோள்கள், தாள்கள், வாள்கள் என்று அப்படியே நிற்கின்றன. அந்த வரிசையில் நாள்கள்தான் பொருந்துகிறது. ஆயினும் ‘நாட்கள்’ என்று எழுதிய நல்ல உரைநடையாசிரியர்கள் ஏராளம். படிக்கிறவருக்குப் பொருள் எள்ளளவும் மாறவில்லை. ‘இறங்கல்’ பதாகையைத் தாண்டிப் போய் ‘நாட்கள்’ மீது பாய்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

கறுப்பா, கருப்பா என்பதும் அவ்வகையே. கறுத்தல் என்ற வினையிலிருந்து கறுப்பு வருகிறது. நிறத்துக்கு அதுவே சிறந்தது என்பது இலக்கணம் பேசுவோரின் முடிவு. கரும்பும் அடுத்த சொல்லோடு சேரும்போது ‘கருப்பு’ ஆகும். மன்மதன் கையில் இருப்பது கருப்பு வில். ஆனால் கருமை, கருங்கல், கருநீலம் எல்லாவற்றிலும் இடையின ரகரமே இருக்க, நிறத்தின் பெயரில் மட்டும் வல்லினம் ஏன் என்று ஒரு குழந்தை கேட்டால் அந்தக் கேள்வியில் தவறில்லை.

இலக்கணமே காலத்தோடு நகர்ந்திருக்கிறது. பழைய முறைப்படி ஒன்றைக் குறிக்க ‘அன்று’, பலவற்றைக் குறிக்க ‘அல்ல’. ‘அது உண்மை அன்று’ என்பதே சரி. இன்று அப்படி எழுதினால் படிக்கிறவர் ‘அந்த நாளில் உண்மை’ என்று ஒரு கணம் தடுமாறுவார். அதனால் ‘அல்ல’ இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. வேறு, இல்லை, உண்டு ஆகியவை எல்லாப் பாலுக்கும் எல்லா இடத்துக்கும் பொது என்று 13ஆம் நூற்றாண்டு நன்னூல் ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறது. ‘அல்ல’ அந்த வழியில் போயிருக்கிறது, போகட்டும். ‘மரங்கள் விழுந்தது’ என்பதை மட்டும் அப்படி விட்டுவிட முடியாது. பேச்சில் ‘மரமெல்லாம் விழுந்துருச்சு’ என்கிறோம். அதன் நிழல்தான் இது. எழுத்தில் விழுந்தன, ஓடின, வந்தன என்ற வடிவங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைக் கைவிட எந்தத் தேவையும் வரவில்லை. ‘ஒவ்வொரு வீடுகளிலும்’ என்று ஒருமையையும் பன்மையையும் ஒரே கயிற்றில் கட்டுவதும் ஏற்கத்தக்கதல்ல. ஒவ்வொரு வீட்டிலும் என்றால் போதும்.

முன்னோர் பிழையே இல்லாமல் எழுதினார்கள் என்ற எண்ணமும் சரியில்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. அந்த வேறுபாட்டை நிலைநிறுத்திய பெருமை வீரமாமுனிவருக்கு (1680–1747) வழங்கப்படுகிறது. ரகரமும் காலும் ஒரே கோடு. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றவர்கள் ஒவ்வொரு கோட்டையும் காலா, ரகரமா, மெய்யா, உயிர்மெய்யா என்று பொருளை வைத்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவருக்கு முன்பே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) பதிப்பித்த நூல்கள் பிழையற்றவை என்று பெயர் பெற்றன. பெயர் பெறும் அளவுக்கு அது அரிதாக இருந்தது.

ஓலையில் இருந்த அதே குழப்பம் கணினியில் புது உருவில் திரும்பி வந்திருக்கிறது. ‘ஔ’ என்பது ஓர் எழுத்து. அது விசைப்பலகையில் எளிதில் அகப்படாததால் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒள’ என்று ஒப்பேற்றுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ‘ஔவையார்’ என்று சொல் தேடினால் ‘ஒளவையார்’ என்று தட்டச்சான பக்கங்கள் அகப்படாமல் போகும். தமிழ்ப் பாட்டியைப் பற்றிய பக்கம் தமிழ்த் தேடலிலேயே தொலைந்துபோகிறது. ரகர மெய்யைத் தட்டுவதற்குப் பதிலாகக் காலின் மேல் புள்ளி வைத்து ஒப்பேற்றுவதும் உண்டு. வெளிநாட்டு விமான நிலையங்களிலும் சுற்றுலாத் தலங்களிலும் ஒற்றைக்கொம்பு எழுத்தைவிட்டு விலகி, வட்டப் புள்ளிக்கோட்டோடு தனியாகத் தொங்குவதைக் காணலாம். அங்கே பிழை எழுதியவருடையதல்ல. அவர் அனுப்பியதைச் சரியாக அடுக்கத் தெரியாத வடிவமைப்பு மென்பொருளின் பிழை அது. கைப்பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் பெறும் முறையில் சிறிய ‘எல்’ லகரம், பெரிய ‘எல்’ ளகரம். அவசரத்தில் பெரிய எழுத்தை யார் தேடுவது? திரை முதலில் காட்டும் சொல்லே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எரிச்சலையும் தாண்டிப் புண்படுத்தும் பிழைகள் உண்டு. இலங்கையில் 1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கருமமொழி ஆக்கியது. 1991இல் அரச கருமமொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டமும் வந்தது. ஆனாலும் பொது இடங்களில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் பிழைகளோடு நிற்பது அங்கே தீராத மனக்குறை. பேருந்தில் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய இருக்கைக்கு மேலே, தகரம் நகரமாகி, ‘தாய்’ என்ற சொல் ‘நாய்’ என்று எழுதப்பட்டிருந்த படம் செய்தியாகிப் பரவியது. தமிழ் தெரியாத கை பார்த்து வரைந்ததாக இருக்கலாம். அதை ஒரு தமிழரிடம் ஒரு நிமிடம் காட்டியிருந்தால் போதும். காட்டத் தோன்றவில்லை என்பதுதான் அந்த இருக்கையில் அமரும் தாயைச் சுடுகிறது. ‘நாட்கள்’ பற்றிய வழக்கையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

காட்டிச் சரிபார்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு முன்பு ஒரு தொழிலே இருந்தது. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தில், அச்சுக்கோப்பவர் முதலில் ஒரு மெய்ப்பு எடுத்துக் கொடுப்பார். மெய்ப்புத் திருத்துகிறவர் மூலப்படியை ஒருவர் உரக்கப் படிக்கக் கேட்டு, அச்சான வரிகளின் மேல் விரலை நகர்த்தித் திருத்துவார். திருமண அழைப்பிதழுக்குக்கூட மெய்ப்பு உண்டு. இப்போது ஃப்ளெக்ஸ் கடையில் பதாகை கணினித் திரையிலேயே உருவாகிறது. கடைக்காரர் அதைப் படமாகக் கைப்பேசிக்கு அனுப்புகிறார். வாங்குகிறவர் பெரிதாக்கிப் பார்க்கிறார்: பெயர்கள் விடுபடவில்லையா, தேதி சரியா, அப்பாவின் படம் தெளிவாக விழுந்திருக்கிறதா. சாவு வீட்டில் அதற்குமேல் பார்க்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. ‘சரி, போடுங்க’ என்கிறார். ‘இறங்கல்’ அப்படித்தான் தெருவுக்கு வருகிறது. ர, ற இணைகளைச் சுட்டி ஒரு கேள்வி கேட்கும் கருவி அந்தக் கணினியில் இருந்தால் அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவியாக இருக்கும்.

பதாகை பத்து நாளில் இறங்கிவிடும். திறப்பு விழாக் கல்வெட்டுகள் அப்படியல்ல. கருங்கல்லில் எழுத்தை வெட்டிப் பொன்வண்ணம் பூசிச் சுவரில் பதித்துவிடுகிறார்கள். அதன் பிறகு யாராவது பிழையைச் சுட்டினால் கல் வெட்டுகிறவரின் கையில் இருக்கும் வழி மிகக் குறைவு. இரண்டு சுழி வெட்டியிருந்தால் இன்னொரு சுழியைச் சேர்த்து ண ஆக்கலாம். விடுபட்ட ஒற்றை நுழைக்க நடுவில் இடமிருக்காது. அதிகமாக வெட்டிய சுழியைக் கல்லில் திரும்ப நிரப்பவும் முடியாது. ஆகவே எழுத்தை வெட்டும் முன், கல்லின் மேல் சுண்ணக் கோட்டால் வரைந்து வைத்திருக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் வந்து படித்துவிட்டுப் போக வேண்டும்.